லிஃப்ட் போட்டும் கவுசிங் தட்டுது: ஜிம்னிக்கு டயர் தேடின கதை

எங்க தோட்டத்துப் பாதையில ஒரு கல்லு இருக்கு. கொடைக்கானல் பக்கத்து மலை ஊரு தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் முன்னாடி தார் ரோட்ட விட்டு எறங்குனா ரெண்டரை கிலோமீட்டர் மண் பாதை, அதுல ரெண்டாவது வளைவு முடியிற எடத்துல, ரெண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவுல, ஆமை முதுகு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். எடுத்துப்புடலாம்னு அப்பா ரெண்டு ஆள விட்டுக் கடப்பாரை போட்டுப் பாத்தாரு. அரை நாள் தோண்டுனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது அது கல்லு இல்ல, பாறை, மலையே அந்த எடத்துல தலைய வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. வெடி வைக்கலாம்னா கீழ்த்தோட்டத்துக்காரரோட இருக்குற பேச்சுவார்த்தையும் போயிரும். ஒதுங்கிப் போகவும் வழியில்ல, ஒரு பக்கம் மண் திட்டு, இன்னொரு பக்கம் ஓடை. ஒரு சக்கரத்த கல்லு மேல ஏத்திப் போறதுதான் முறைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா இங்க ஏத்துனா வண்டி ஓடைப் பக்கம் சாயும், கூட உக்காந்திருக்குற அம்மா முருகனக் கூப்புடும்.

கோடையில ஒண்ணும் தெரியாது, வண்டி கல்லுக்கு மேல சும்மா போயிரும். ஐப்பசி மழை ரெண்டு தடவ பேஞ்சுச்சுன்னா சக்கரத் தடம் மட்டும் அரிச்சு அரிச்சு ரெண்டு மூணு இன்ச்சு பள்ளமாயிரும், பாறை அதே ஒசரத்துல நிக்கும். அப்ப கேக்கும் அந்த சத்தம். டணார்னு. ஆக்ஸில் கவுசிங், அதான் வண்டிக்கு அடியில தொங்குற இரும்பு உருண்டை, கல்லுல போய் மோதுற சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும், அது வண்டியில அடிக்கிற மாதிரியே இருக்காது, நம்ம முட்டியில அடிக்கிற மாதிரி இருக்கும்.

வண்டி மாருதியோட சின்ன ஃபோர் வீல் டிரைவ் ஜிம்னி, அஞ்சு டோர், மேனுவல், 2023 கடைசியில எடுத்தது. கம்பெனி டயர் 195/80 ஆர்15, கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டி அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, 210 மில்லிமீட்டர்னு போட்டிருப்பாங்க. சரி, 210 பத்தல, தூக்கிருவோம்னு முடிவு பண்ணி 40 மில்லிமீட்டர் லிஃப்ட் கிட் வாங்கிப் போட்டேன், ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர் எல்லாம் சேத்து. வண்டி பாக்க அம்சமா இருந்துச்சு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போறேன், அதே எடம், அதே டணார்.

எனக்குப் புரியவே இல்ல. நாப்பது மில்லி ஏத்தியிருக்கேன்ல, அது எங்க போச்சு?

வத்தலக்குண்டுல ஒரு அண்ணன் இருக்காரு, முப்பது வருஷத்துக்கு மேல மலை ஜீப்புக்கு மட்டும் வேல பாக்குறவரு. வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, குனிஞ்சு அடியப் பாத்துட்டு, "தம்பி, கட்டில் மேல ரெண்டு மெத்தையப் போட்டுப் படுத்தா நீ ஒசரமாத்தான் இருப்ப, கட்டிலுக்கு அடியில போற பூனைக்கு என்ன லாபம்?"னு கேட்டாரு. அவ்வளவுதான் விஷயம். ஜிம்னிக்கு முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்ஸில், ரெண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழா இணைச்சிருக்கு, அதுல உருண்டையா தொங்குறதுதான் டிஃபரென்ஷியல் கவுசிங். அது சக்கரத்தோட சேந்தது, பாடியோட சேந்தது இல்ல. ஸ்பிரிங்க நீளமாக்குனா பாடி மேல போகும், சேஸிஸ் மேல போகும், நாம மேல போவோம், கவுசிங் இருந்த எடத்துலயே இருக்கும். கம்பெனி சொல்ற 210 அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள கணக்கு. அத ஏத்தணும்னா ஒரே வழி, சக்கரத்தப் பெருசாக்கணும். அதுவும் பாதிக் கணக்குதான், டயர் ஒசரம் ரெண்டு இன்ச்சு கூடுனா கவுசிங் ஒரு இன்ச்சு ஏறும்.

இத லிஃப்ட் வித்தவரு எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல, அதையும் சொல்லணும்ல.

அதுக்காக லிஃப்ட் தண்டம்னு சொல்ல மாட்டேன். அஞ்சு டோர் ஜிம்னியில வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2590 மில்லி, மூணு டோர விட 340 மில்லி நீளம், அதனால வயித்துப் பக்கம்தான் இதோட பலவீனம், மேட்டு உச்சியில நடுவயிறு தட்டுற கோணம் 24 டிகிரிதான். முன்னாடி 36, பின்னாடி 50 எல்லாம் பிரமாதமா இருக்கும், நடுவுல கோட்ட விட்டுருவாங்க. அங்க லிஃப்ட் ஒதவும். அதவிட முக்கியமா, பெரிய டயர் போட்டா அது மேல ஏறி எறங்குறதுக்கு வீல் ஆர்ச்சுல எடம் வேணும், அந்த எடத்த லிஃப்ட்தான் குடுக்குது. அதாவது நான் செஞ்ச வேல தப்பில்ல, வரிசைதான் தப்பு. மொத டயர் என்னன்னு முடிவு பண்ணிட்டு அதுக்கு எவ்வளவு லிஃப்ட் வேணும்னு கேட்டிருக்கணும். இன்னொன்னு, லிஃப்ட் போட்டதும் ஸ்டியரிங் ஒரு மாதிரி காத்தாடி ஆயிருச்சு, அறுபது எழுபதுல போகும்போது தானா நேராகாது, சின்னச் சின்னதா அலையும். ஸ்டியரிங்க தானா நேராக்குற காஸ்டர் கோணம் கொறைஞ்சதுதான் காரணம், முன் ஆக்ஸில் லேசா உருண்டு திரும்பிருது, அதுக்குன்னு காஸ்டர் கரெக்ஷன் புஷ் இருக்கு, போட்டதும் பாதிக்கு மேல சரியாச்சு. இதுவும் தனிச் செலவு.

சரி டயருக்கு வருவோம். டயர் மேல இருக்குற நம்பர நெறைய பேரு மனப்பாடமா சொல்லுவாங்க, கணக்குப் போட்டுப் பாக்க மாட்டாங்க. 195/80 ஆர்15ன்னா அகலம் 195 மில்லி, அதுல 80 சதவீதம் சைட்வால், அதான் டயரோட பக்கச் சுவரு, ஒசரம், அதாவது 156. மேல ஒண்ணு கீழ ஒண்ணு, 312. ரிம் 15 இன்ச்சு, 381 மில்லி. மொத்தம் 693 மில்லி ஒசரம். இந்த ஒரு கணக்கு தெரிஞ்சாப் போதும், கடைக்காரரு என்ன சொன்னாலும் நாம ஃபோன்ல தட்டிப் பாத்துக்கலாம். நான் தட்டுனேன். 215/75 ஆர்15 போட்டா 703 மில்லி சொச்சம், கவுசிங் அஞ்சே அஞ்சு மில்லி ஏறும், ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்ல. 235/75 ஆர்15 போட்டா 733 சொச்சம், கவுசிங் இருபது மில்லி ஏறும். 31 இன்ச்சு டயர், அதான் 31க்கு 10.5ன்னு போட்டிருக்குமே, அது 787 மில்லி, நாப்பத்தேழு மில்லி ஏறும்.

215/75ங்கிறது பொலேரோ சைஸு. இந்த ஒரு காரணத்துக்காகவே பத்து நாள் அந்த சைஸ விட மனசு வரல. பொலேரோ ஓடாத மலை கெடையாது, பொலேரோ டயர் கெடைக்காத ஊரும் கெடையாது, பட்டிவீரன்பட்டியில ராத்திரி எட்டு மணிக்கு டயர் கிழிஞ்சாக்கூட ஒரு கடையத் தட்டி எழுப்பி வாங்கிறலாம். லிஃப்ட் தேவையில்ல, எங்கயும் ஒரசாது, இழுவை கொறையாது. சும்மா கொடைக்கானல் போய்ட்டு வர்ற ஆளுக்கு, கொஞ்சம் நல்ல டயரா இருந்தாப் போதும்னு நெனைக்கிறவங்களுக்கு, நான் கண்ண மூடிக்கிட்டு இதத்தான் சொல்லுவேன். ஆனா எனக்குக் கல்லு இருக்கே. அஞ்சு மில்லிய வச்சுக்கிட்டு அந்தப் பாறைகிட்ட என்ன பேச முடியும்.

31 ஆசையும் வந்துச்சு, பொய் சொல்லல. சாயங்காலம் ஆனா ஃபோன எடுத்து 31 போட்ட ஜிம்னி படமாப் பாத்துக்கிட்டே இருப்பேன், பொம்ம வண்டிக்கு யானைக்கால் மாதிரி, ஆனா அழகு. அப்புறம் கணக்குப் போட்டேன். சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி அதிக தூரம் போகுது, அதாவது கியர் எல்லாமே ஒசந்த கியர் ஆயிருது. 31க்கு பதிமூணு சதவீதத்துக்கு மேல. இந்த வண்டியில இருக்குறது 1.5 லிட்டர் பெட்ரோல், 105 குதிரை, 134 நியூட்டன் மீட்டர் டார்க், அதான் இழுவை, அதுவும் நாலாயிரம் ஆர்பிஎம்முல. மஹிந்திரா தார் டீசல் வண்டியில இந்த வெளையாட்டு வெளையாடலாம், அங்க டார்க் கொட்டிக் கெடக்கு. இங்க நாலு பேரு ஏறி, பின்னாடி ஒரு மூட்ட மெளகும் போட்டா வழியில பெரும்பாறை ஊரு ஏத்தத்துல செகண்ட் கியர்ல மூச்சு வாங்கும், அதுல போய் பதிமூணு சதவீதத்தப் பிடுங்கிட்டா ஃபர்ஸ்ட்டு கியர்லயே தாண்டிக்குடி வரைக்கும் போக வேண்டியதுதான். கியர் ரேஷியோ மாத்தலாம், ஆர்ச்ச வெட்டலாம், பிரேக்க மாத்தலாம், அது ஒரு தனி வாழ்க்கை, அதுக்கு நான் தயாரில்ல, வீட்லயும் தயாரில்ல.

அப்ப 235/75. ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. தாங்கும்.

வத்தலக்குண்டு அண்ணன் இதக் கேட்டுட்டு மொகத்தச் சுளிச்சாரு. அவருக்கு அகலம் பிடிக்காது. இந்த மலையில ஓடுன பழைய ஜீப்பெல்லாம் 6.00-16, நைலான் டயரு, ஆறு இன்ச்சு அகலம்தான், ஆனா நல்ல ஒசரம், அந்தக் கால வில்லிஸ் ஜீப்புல இருந்து வந்த சைஸு. பதினாலு பேர ஏத்திக்கிட்டு செம்மண் சகதியில அது போறத நீங்க பாத்திருந்தா அகல டயர்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டீங்க. ஒல்லியா இருக்குறதால சகதியக் கத்தி மாதிரி கிழிச்சுக்கிட்டு எறங்கி அடியில இருக்குற கெட்டி மண்ணப் பிடிச்சுக்கும். அகல டயர் சகதிக்கு மேல மெதக்கும், மணலுக்கு அது சரி, ராமேஸ்வரம் பக்கம் போறவனுக்கு சரி, எங்க பாதையில ஒரு சாண் சகதிக்கு அடியில சரளை இருக்கு, அங்க மெதந்தா ஓடைக்குத்தான் போகணும். "ஒசரத்த வாங்கு, அகலத்த வாங்காத"ன்னாரு. 195 அகலத்துலயே 733 ஒசரம் வர்ற டயர் எங்கயாவது கெடைக்குமான்னு நானும் தேடாத எடமில்ல. கெடைக்கல. ரெண்டும் சேந்துதான் வருது, மசாலா தோசையில உருளக்கெழங்க மட்டும் வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு என் நெலம.

235 போடுறதுன்னா ரிம் பிரச்சனையும் உண்டு. கம்பெனி ரிம் அஞ்சரை இன்ச்சு அகலம். 235/75க்கு ஆறு இன்ச்சாவது வேணும்னு டயர்காரங்க அட்டவணையிலயே இருக்கு. அஞ்சரையிலயே மாட்டி ஓட்டுறவங்க நெறைய, ஒண்ணும் ஆகலன்னும் சொல்றாங்க. ஆனா ஒல்லி ரிம்முல அகல டயரப் போட்டா ரோட்டத் தொடுற ட்ரெட் நடுவுல பிதுங்கி நிக்கும், தேய்மானம் நடுவுல, வளைவுல டயர் கொழகொழன்னு ஆடும். நான் ஆறு இன்ச்சு ஸ்டீல் ரிம்மா எடுத்தேன், 5க்கு 139.7 பிசிடி, அதாவது அஞ்சு போல்ட்டு, அந்த போல்ட்டு வட்டத்தோட விட்டம் 139.7 மில்லி. அலாய் இல்லையான்னு ஃப்ரெண்டு கேட்டான். கல்லுல அடிச்சா ஸ்டீல் நெளியும், சுத்தியல் வச்சு நிமுத்திக்கலாம், அலாய் விரிசல் விட்டா அவ்வளவுதான். ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ள வெளிய தள்ளி நிக்குதுங்கிற விஷயத்துல மட்டும் ஏமாந்துராதீங்க, டயர் வெளிய துருத்திக்கிட்டு இருந்தா கெத்தா இருக்கும்னு சொல்லி ஏழு எட்டு இன்ச்சு ரிம்ம தலையில கட்டுவாங்க, அப்புறம் வீல் பேரிங்குக்கு அடி, கதவு, கண்ணாடி பூரா சேறு, ஸ்டியரிங் கனம் எல்லாம் நம்ம தலையிலதான்.

எச்டி (ஹைவே டெர்ரைன்), ஏடி (ஆல் டெர்ரைன், தாருக்கும் மண்ணுக்கும் பொது), எம்டி (மட் டெர்ரைன், சகதி டயர்) எதுன்னு முடிவு பண்ண எனக்கு ரொம்ப நேரம் ஆகல. எச்டின்னா தார் ரோட்டு டயர், வண்டியோட வர்றது, எங்க செம்மண்ணுல நாலு சுத்து சுத்துனா பள்ளமெல்லாம் மண் அப்பி பணியாரச் சட்டி மாதிரி வழுவழுன்னு ஆயிரும். எம்டி மண்ண அள்ளி வீசும், தோட்டப் பாதைக்கு அதுதான் ராஜா. ஆனா என்னோட ஓட்டம் என்னன்னு நெசமா எழுதிப் பாத்தேன்: மதுரையில ஆபீசு, வாரக் கடைசியில தோட்டம், ஒரு நடைக்கு தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல தார், ரெண்டரை கிலோமீட்டர் மண்ணு. அந்த ரெண்டரைக்காக தொண்ணூறுலயும் எம்டியோட இரைச்சலக் கேட்டுக்கிட்டு, அதவிட, மழையில நனைஞ்ச தார் ரோட்ல கொண்டை ஊசி வளைவு எறங்கும்போது அந்தப் பெரிய பெரிய கட்டி ட்ரெட் தார்ல ஒட்டாம வழுக்குறதத் தாங்கிக்கிட்டு... வேணாம். மலையில ஆளக் கொல்றது சேறு இல்ல, ஈரத் தாரு. ஏடிதான்.

கடைப் படலம் தனி. 2020 ஜூன்ல கவர்மெண்ட் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதுல இருந்து படத்துல பாக்குற டயர் எல்லாம் இங்க கெடைக்காது, பிஎஃப் குட்ரிச் கேஓ2 வேணும்னு மனசுல கோட்ட கட்டிட்டு கடைக்குப் போனா அந்த சைஸு இல்லம்பாங்க, இருந்தா வெல கேட்டு நாமளே வேணாம்போம். உள்ளூர்ல தயாராகுற ஏடி இருக்கு, யோகோஹாமா ஜியோலேண்டர், அப்போலோ அப்டெர்ரா இந்த மாதிரி, அதுக்குள்ளதான் பாக்கணும். மதுரையில ஒரு கடையில ஆயிரம் ரூவா கொறைச்சுத் தர்றேன்னாரு, நானும் ஆசைப்பட்டு ரூவாய எண்ணிக்கிட்டே சைட்வாலத் தடவிப் பாத்தா நாலு நம்பர் 1121. பதினோராவது வாரம், 2021. மூணு வருஷத்துக்கு மேல கொடோன்ல கெடந்த டயரு. "டயர் என்ன பாலா சார், திரியுறதுக்கு?"ன்னாரு. ரப்பர் திரியாது, இறுகும், இறுகுன ரப்பர் ஈரத் தார்ல பிடிக்காது. வந்துட்டேன். வேற கடையில அந்த வருஷத்து டயரே கெடைச்சுது, ஒண்ணு பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. அஞ்சு வாங்குனேன். ஆமா, அஞ்சு. நாலு வாங்கிட்டு ஸ்டெப்னி பழசாவே இருக்கட்டும்னு விட்டா, பஞ்சர் ஆகுற அன்னைக்கு ஒரு சக்கரம் மட்டும் நாலு சென்டிமீட்டர் குட்டையா இருக்கும், இந்த வண்டியில நடு டிஃபரென்ஷியல் கெடையாது, ஃபோர் வீல் போட்டா, முன்னுக்கும் பின்னுக்கும் பவரப் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடந்து முறுக்கிக்கும். ரிம் இல்லாம வெறும் டயர பழைய இரும்புக் கடைத் தராசுல பழசு, புதுசு ரெண்டையும் வச்சுப் பாத்தேன், ஒண்ணுக்கு நாலு கிலோ வித்தியாசம், அந்த நாலு கிலோவும் சுத்துற எடத்துல இருக்குற கனம், பிரேக் புடிக்கிறப்பவும் தெரியுது, கெளம்புறப்பவும் தெரியுது.

மாட்டுனதும் ஃபுல் லாக் அடிச்சு ரிவர்ஸ் எடுத்தா முன் மட்ஃபிளாப்புல சரக் சரக்னு ஒரசல். மட்ஃபிளாப்ப வெட்டியாச்சு, பம்பர் உள் ஓரத்த ஹீட் கன்ன வச்சு கொஞ்சம் உள்ள மடக்கியாச்சு. பின் கதவுல ஸ்டெப்னி கனம் கூடிப்போச்சு, மேட்டுல நிக்கும்போது கதவத் திறந்தா முகத்துக்கு வருது, சூதானமாத் திறக்கணும். ஸ்பீடாமீட்டர்ல நல்லது நடந்துச்சு: முன்னாடி ஜிபிஎஸ் 80 காட்டும்போது மீட்டர் 84 காட்டும், இப்ப ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாக் காட்டுது. மைலேஜ் பதினாலுல இருந்து பன்னெண்டரைக்கு விழுந்துருச்சுன்னு மொத மாசம் பொலம்புனேன், அப்புறம்தான் ஒறச்சுது, ஓடோமீட்டரும் அதே அளவுக்குக் கொறச்சுத்தானே காட்டும், ஆறு சதவீதம் சேத்தா பதிமூணு சொச்சம். முழுசா நட்டமில்ல. ஏத்தத்துல முன்ன செகண்ட்ல வளைஞ்ச ரெண்டு மூணு வளைவுல இப்ப ஃபர்ஸ்ட் போடுறேன், தோட்டப் பாதைக்கு எறங்குனதும் 4எல், அதான் ஃபோர் வீல் லோ, அதுல கியர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தாழ்ந்துருது, அங்க கொறையே தெரியல.

சட்டத்த மறைச்சுப் பேசக்கூடாது. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்கிறதுதான் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதக் கறாராச் சொல்லிருச்சு. லிஃப்டும் பெரிய டயரும் போட்டுட்டு எங்கயாவது இடிச்சா இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேக்கத்தான் செய்வான். பழைய டயர், ரிம், ஸ்பிரிங் எல்லாம் மாட்டுக் கொட்டாயில சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். தெரிஞ்சுதான் செஞ்சேன், நீங்களும் தெரிஞ்சே செய்ங்க, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

போன ஐப்பசியில, நல்லா மூணு நாள் மழை பேஞ்சு விட்ட மறுநாள் போனேன். தார விட்டு எறங்குனதும் காத்த எறக்குனேன், படிச்சதெல்லாம் ஞாபகம் வச்சு நாலுலயும் 15 பிஎஸ்ஐ. சகதியில வண்டி சும்மா பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு ஏறுது, மொத வளைவு, ரெண்டாவது வளைவு, கல்லு வருது, மூச்சப் பிடிச்சுக்கிட்டு மெதுவா விட்டேன்.

டக்.

டணார் இல்ல, டக். ஆனாலும் தட்டிருச்சு. எறங்கிக் குனிஞ்சு பாக்குறேன், பாறை மேல புதுசா ஒரு கோடு. அம்பதாயிரம் ரூவா. அப்பா பின் சீட்டுல இருந்து ஒண்ணும் சொல்லல, அது இன்னும் மோசம். அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் மண்டையில ஏறுச்சு, காத்த எறக்குனா டயர் சப்பையாகும், சப்பையானா ஆக்ஸில் கீழ எறங்கும், காசு குடுத்து வாங்குன இருபது மில்லியில பாதிய நானே காத்தாத் திறந்து விட்டிருக்கேன். ரிவர்ஸ் எடுத்து, இன்ஃப்ளேட்டர மாட்டி, 20 வரைக்கும் ஏத்திட்டு மறுபடி விட்டேன். சத்தமில்ல. கைய விட்டுப் பாத்தா ரெண்டு வெரல் எடம் இல்ல, ஒரு வெரல் இருக்கு. பிடிமானத்துக்கு 15 நல்லது, கல்லுக்கு 20 நல்லது, அந்தக் கல்லு இருக்குற வரைக்கும் எனக்கு 20தான்.

திரும்பி வரும்போது தார்ல ஏறுனதும் ஓரங்கட்டி, டீ சொல்லிட்டு, நாலு டயருக்கும் காத்து ஏத்திக்கிட்டு இருந்தேன். சின்ன பம்பு, இருவது நிமிஷம் ஆகும், டீ ஆறிப்போச்சு. அப்ப ஒரு பழைய ஜீப்பு மேல இருந்து வந்துச்சு, காப்பித் தோட்டத்து ஆளுங்க உள்ள பத்துப் பேரு, பின்னாடி தொத்திக்கிட்டு நாலு பேரு, மேல வாழத்தாரு, அடியில மொட்டையாத் தேஞ்ச 6.00-16. ஓட்டுனவரு என் பக்கத்துல வந்து ஸ்லோ பண்ணி, தலைய வெளிய நீட்டி என் டயரையும் பம்பையும் பாத்துட்டுக் கேட்டாரு,

"என்ன தம்பி, நாலும் பஞ்சரா?"